கணக்கர் வரைந்த நண்பர்!

அலுவலகத்தில் வரவு - செலவு கணக்கு பார்த்த ஒருவர், உலகம் அறிந்த ஓவியர் ஆனார். அவர் பெயர், பூபேன் கக்கர்.

மும்பையில், மார்ச் 10, 1934ல் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். நன்கு படித்து, பட்டயக் கணக்கர் ஆனார். ஆனால், மனமெல்லாம் ஓவியத்தில் தான் இருந்தது. ஓவியர் குலாம் முகமது ஷேக் தந்த ஊக்கத்தால், 1962ல் குஜராத் மாநிலம், பரோடா நகருக்குக் குடியேறினார். அங்குள்ள நுண்கலைக் கல்லூரியில், கலை விமர்சனம் படித்தார். வரைவதை, தானாகவே கற்றுக் கொண்டார். வயிற்றுப்பாட்டுக்கு, தொழிற்சாலை ஒன்றில் பகுதி நேரமாகக் கணக்கு எழுதினார். பல ஆண்டுகள் இப்படியே ஓடின.

அவர் யாரை வரைந்தார் தெரியுமா... கடிகாரம் பழுது பார்ப்பவர், தையற்காரர், முடி திருத்துபவர் போன்றோரை! நம் காஞ்சிபுரத்தில், தறிக்குழியில் கால் வைத்துப் பட்டு நெய்யும் தாத்தாவை, பெரிய படமாக வரைந்து கண்காட்சியில் மாட்டினால் எப்படி இருக்கும், அப்படித்தான். குஜராத்தியில் கதை, நாடகமும் எழுதினார். 1984ல், 'பத்மஸ்ரீ' விருது பெற்றார்.

மும்பையில் பிறந்து, இங்கிலாந்தில் வாழ்ந்த எழுத்தாளர் சல்மான் ருஷ்டி, அவரது நண்பர். ருஷ்டி எழுதிய நாவல் ஒன்றுக்காக, அவரைக் கொல்லும்படி, 1989ல் ஈரான் நாட்டுத் தலைவர் கொமேனி அறிவித்தார். அதன்பின், போலீஸ் காவலில், வீடு மாறி மாறி, மறைந்து வாழ வேண்டியதாயிற்று. அந்த நிலையிலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. சிறுவர் நாவல் ஒன்றைத் தன் மகனுக்காக எழுதினார். அது, 1990ல் வெளியானது.

'மூரின் கடைசிப் பெருமூச்சு' என்ற நாவலை, 1995ல் வெளியிட்டார் ருஷ்டி. அதில் கணக்கராகவும், ஓவியராகவும் ஒருவர் வருவார். நம் கக்கர் தான் அந்தப் பாத்திரம்!

நண்பர் தன்னைக் கதையில் வைத்தால், ஓவியர் சும்மா இருப்பாரா... அதே ஆண்டில், ருஷ்டியைத் தைல வண்ணத்தில் வரைந்தார் கக்கர். நாவலின் நாயகன் பெயரான, 'மூர்' என்பதையே படத்துக்குச் சூட்டினார். ருஷ்டியைச் சுற்றிலும், நாவலின் காட்சிகள். அவர் அணிந்திருப்பது, உடல் தெரியும் மெல்லிய சட்டை. எனக்கு அந்தச் சட்டை மிகவும் பிடிக்கும். காவலர் சூழ ஒளிந்து வாழ்ந்தவரை, மறைக்க எதுவுமே இல்லாத மனிதராக அல்லவா காட்டியிருக்கிறார், நண்பர்!

ஆகஸ்ட் 8, 2003ல், பரோடாவில் காலமானார் கக்கர். அவர் வரைந்த ருஷ்டி, லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறார்.