உத்தியோகத்தில் இறையருளைக் கண்ட புனித தேவசகாயம்

திருவண்ணாமலை, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பகுதியில் வாழும் நாம் அன்றாடம் மேற்கு மலையைப் பார்த்து எழுகிறவர்கள். அம்மலைத்தொடர் தெற்கே நீண்டு ஆரல்வாய்மொழிக் கணவாயை அடைகிறது. அங்கே காற்றாடிமலையில் 1752 சனவரி 14-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்ட வேதசாட்சிதான் தேவசகாயம். அவர் குருவானவருமல்ல, துறவியுமல்ல. மனைவியோடு இல்லறம் நடத்தி, சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். மில்லுக்கும் தறிக்கும் வயலுக்கும் போய்வரும் நம் மக்களுக்கு அவர் மிக நெருங்கிய உறவினர் என்றே நாம் கருதுகிறோம்.

1712-இல் நட்டாலத்தில் பிறந்த அவருக்கு நீலகண்டன் என்று பெயர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் உத்தியோகம் பார்த்தார். 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்பு அதே மன்னரின் படையைப் பயிற்றுவிப்பவரானார். அரசுப் பணியே இவ்விருவரையும் சேர்த்து வைத்தது. கால்நடைகள் மடிந்து, பொருள் நட்டமாகி, நீலகண்டன் மனமொடிந்திருந்த காலம் அது. அவருடைய வாட்டத்தைக் கண்ட டிலனாய், அனைத்தையும் இழந்தும் இறைவனை விடாத யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார். நீலகண்டன் தவம் செய்யக் காட்டுக்குப் போகவில்லை. வேலை பார்த்த இடத்துக்கே, உடன் உழைத்தவர் வாயிலாக, இறைவனின் வழிகாட்டுதல் வந்து சேர்ந்தது.

1745-இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு பூத்தாரி அடிகளிடம் ஞானஸ்நானம் பெற்று, லாசர் என்பதன் தமிழ்ப் பெயரான தேவசகாயம் என்பதை ஏற்றார். மனைவி பார்கவியும் ஞானப்பூ ஆனார்.

அதன்பின் அவர் வேலையை விட்டுவிடவில்லை. அதே அரண்மனை, அதே அதிகாரிகள், அதே கடமைகள். ஆனால் தாழ்ந்தவர் என ஒதுக்கப்பட்டோரோடு சமமாகப் பழகினார். மேல்சாதியில் பிறந்த அரசு அலுவலர் அப்படிச் செய்வது அந்நாளில் சிறிய காரியமா? பகை மூண்டது. 1749-இல் கைது செய்யப்பட்டார். எருமையின் மீது பின்னோக்கி அமர்த்தி ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். அடித்துக் காயங்களில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள். வேதத்தை மறுத்திருந்தால் பிழைத்திருக்கலாம்; அவர் மறுக்கவில்லை. பெருவிளையில் மரத்தோடு கட்டப்பட்டிருந்தபோதும், தேடி வந்த மக்களுக்கு ஆறுதல் சொல்லி, அவர்களுக்காக ஜெபித்தார். கைகள் கட்டுண்டவருக்கு எஞ்சியிருந்த கடமை அதுவே.

அவருடைய புதுமைகளைப் பற்றி நம் மக்கள் ஆவலோடு பேசுவதுண்டு. நமக்கோ, ஞானஸ்நானத்துக்கும் கைதுக்கும் இடைப்பட்ட அந்த ஏறக்குறைய நான்கு ஆண்டு உத்தியோக வாழ்வே பெரிய புதுமையாகத் தெரிகிறது.

திருவுடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் இவரே. ஞானப்பூ அம்மாளைப் பற்றி மலர்களில் அதிகம் எழுதுவதில்லை. கணவரை இழந்த பின்னும் அவர் விசுவாசத்தில் நிலைத்திருந்து, வடக்கன்குளத்தில் தம் நாட்களைக் கழித்தார். அவருடைய கல்லறையும் அவ்வூரிலேயே இருக்கிறது.