வார்பேர்க் கண்டதும் கருதியதும்

தருக்கம் பயிலும் மாணாக்கர்க்குக் காட்சியளவையையும் கருதலளவையையும் விளக்கப் புகுவோர் மலைமேற் புகையையும் அதனாற் கருதப்படுந் தீயையும் எடுத்துக்காட்டுதல் மரபு. யானும் பல்லாண்டு அவ்வாறே கற்பித்தேன். அண்மையில், என்னிடம் பயின்று மருத்துவரான ஒருவர் இதயத்துக் கட்டியை ஆராயும் முறையை விளக்கினார். அதன் மூலத்தைத் தேடியபோது ஒற்றோ வார்பேர்க் என்னும் ஜேர்மானிய அறிஞரின் வரலாற்றைக் கற்றேன். புகையினும் தீயினும் அது சிறந்த எடுத்துக்காட்டு எனக் கண்டேன்.

வார்பேர்க் 1883 ஆம் ஆண்டு ஒற்றோபர் 8 ஆந் திகதி பிரைபேர்க் நகரிற் பிறந்தார். தந்தையார் எமில் வார்பேர்க் பௌதிகப் பேராசிரியர். மைந்தர் பேர்லினில் எமில் பிஷரிடம் இரசாயனம் பயின்று 1906 இலும், ஹைடல்பேர்க்கில் மருத்துவம் பயின்று 1911 இலும் கலாநிதிப் பட்டம் பெற்றார். முதலாம் உலகப்போரிற் குதிரைப்படை வீரராய் நின்ற அவரை, ஆய்வுக்கு மீளுமாறு 1918 இல் ஐன்ஸ்ரைன் மடல் எழுதி வேண்டினார். அவரும் மீண்டார்.

பின்னர், 1920 களில், கட்டிகளின் இழையத்தை மெல்லிய சீவல்களாக அரிந்து, குளுக்கோசும் ஒட்சிசனும் ஊட்டி, அமுக்கமானி கொண்டு அளந்தார். இயல்பான இழையம் ஒட்சிசன் குன்றியபோதே குளுக்கோசைப் பெரிதும் இலற்றிக்கமிலமாக்கும். புற்றுநோய் இழையமோ ஒட்சிசன் நிரம்பியிருந்தும் அவ்வாறே செய்தது. அதனால் அது நுகர்ந்த குளுக்கோசு மிகப் பெரிது. இஃது அவர் கண்டது.

கலத்தின் சுவாசம் பழுதுற்றமையே புற்றுநோய்க்கு மூலகாரணம் என்றார். இஃது அவர் கருதியது.

சுவாச நொதியம் பற்றிய ஆய்வுக்காக 1931 இல் நோபல் பரிசு பெற்றார். தந்தைவழி யூத மரபினராயினும் ஹிற்லர் ஆட்சியிலும் பேர்லினை விட்டகலவில்லை. 1941 இற் பதவி நீக்கப்பட்டு, பின்னர் மீளவும் ஆய்வுக்கு அனுமதிக்கப்பட்டார். 1970 ஆம் ஆண்டு ஓகத்து 1 ஆந் திகதி மறையும் வரை தம் கருத்தை அவர் கைவிட்டாரல்லர். ஆயினும், பல புற்றுக் கலங்களிற் சுவாசம் பழுதின்றி நிகழ்வதையும், மரபணு மாற்றங்களே நோய்க்கு முதன்மையாதலையும் பின்வந்தோர் நிறுவினர். கருதியது தளர்ந்தது, கண்டது நிலைத்தது.

அவர் மறைந்து ஆறாண்டின் பின், 1976 இல், கதிர்வீசும் புளோரீன் இணைத்த குளுக்கோசுப் போலியொன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் முதன்முதல் மனிதர்க்கு ஏற்றப்பட்டது. குளுக்கோசை மிக நுகருங் கலங்கள் அதனையும் ஈர்த்துத் தம்முட் சிறைப்படுத்தும். பெற் ஸ்கான் என்னும் படத்தில் அவ்விடம் ஒளிரும்.

இதயத்திலேயே தோன்றுங் கட்டி மிக அரிது. அவற்றுட் பெரும்பாலன புற்றல்ல. சிலவோ கொடிய புற்று. ஆங்கோர் இடர் உண்டு. இதயத்தசை தானும் குளுக்கோசை நுகர்வதால் ஒளிர்ந்து கட்டியை மறைத்துவிடும். ஆதலின், நோயாளியை மாப்பொருள் நீக்கிய உணவுண்டு பின் நோன்பிருக்கச் செய்வர். அப்போது இதயம் கொழுப்பை எரித்து இயங்கும். கட்டி தனித்துத் தோன்றும்.

எனினும் அவ்வொளி புகையே. அழற்சியும் ஒளிரும். ஒளிர்ந்ததெனப் புற்றெனத் துணிந்தால் வேண்டாத கடுஞ்சிகிச்சை நேரும். மங்கியதென விடுத்தால் உயிரே போகும். ஆகையால், இயலுமிடத்துக் கட்டியின் இழையத்தை எடுத்து, சாயமூட்டி, நுணுக்குக்காட்டியில் நோக்கிய பின்னரே அதன் இயல்பை முடிவு செய்வர். படம் கருதல், இழையம் காட்சி.

இதனைக் கேட்டபின் என் பழைய உரைக்குறிப்புகளைப் புரட்டினேன். கருதியதைக் கண்டதுபோல் எழுதிய இடங்கள் சில இருந்தன. அவற்றைத் திருத்தி வருகின்றேன்.