முதுகுத் தண்டில் ஒளிந்திருந்த கட்டி!

டிசம்பர் பிறந்தால் புன்னைக்காயலில் தபால்காரர் கை நிறையக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளோடு வந்த காலம் உண்டு. விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டையை வரைந்தவர் யார் தெரியுமா? லண்டன் ஓவியர் ஜான் ஹார்ஸ்லி. ஆண்டு 1843. அவருடைய மகன்தான் நம் கதாநாயகர், டாக்டர் விக்டர் ஹார்ஸ்லி.

விக்டர் பிறந்தது 1857 ஏப்ரல் 14-ந் தேதி. அதே நாளில் விக்டோரியா மகாராணிக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மகாராணியின் விருப்பப்படியே விக்டர் என்று பெயர் வைத்தார்கள்.

டாக்டருக்குப் படிக்கும்போதே ஆள் துணிச்சல்காரர். மயக்க மருந்து எப்படி வேலை செய்கிறது என்று அறிய, தானே முகர்ந்து பார்ப்பார். ஒரு முறை அல்ல, பல முறை!

1887-ம் ஆண்டு. லண்டனில் ஒரு கேப்டன். வயது 42. முதுகில் மூன்று வருடமாகத் தாங்க முடியாத வலி. பிறகு கால்கள் இரண்டும் மரத்துப்போய் அசையவில்லை. சிறுநீரும் தானாகப் பிரியவில்லை. கேப்டன் படுத்த படுக்கையானார்.

டாக்டர் கவர்ஸ் என்ற நரம்பு நிபுணர் வந்து பார்த்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல்தான். ஆகவே தொட்டுத் தொட்டுத்தான் சோதிக்க வேண்டும். உடம்பில் எந்த இடத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லை? அந்த இடத்து நரம்பு முதுகில் எங்கே புறப்படுகிறது? அங்கேதான் கட்டி இருக்கிறது என்று கணக்குப் போட்டார். ஹார்ஸ்லிக்கு ஆள் அனுப்பினார்.

ஜூன் 9-ந் தேதி ஆபரேஷன். ஹார்ஸ்லி முதுகை அறுத்தார். எலும்பை எடுத்தார். உறையைத் திறந்தார். கட்டியைக் காணோம்!

தைத்து மூடிவிட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் கேப்டனின் கதி? ஹார்ஸ்லி இன்னும் சற்று மேலே எலும்பை எடுத்தார். இருந்தது கட்டி! வாதுமைப் பருப்பு போல, தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டு கிடந்தது. மெல்லப் பிரித்து எடுத்தார்.

முத்துச் சிப்பியைத் திறந்து பழகிய கடற்கரை இது. இந்த வேலையின் நுட்பம் இங்கே புரியும். ஒரு வித்தியாசம்: இங்கே சிப்பியும் பிழைக்க வேண்டும்!

கேப்டன் பிழைத்தார். ஒரு வருடத்தில் நன்றாக நடந்தார், வேலைக்கும் போனார். தண்டுவட உறைக்குள் இருந்த கட்டியை வெற்றிகரமாக எடுத்த முதல் ஆபரேஷன் இதுதான்.

எலும்பில் ரத்தம் கசிந்தால் அடைக்க, தேன்மெழுகு கலந்த ஒரு மெழுகையும் ஹார்ஸ்லி உண்டாக்கினார். 1902-ல் சர் பட்டம் கிடைத்தது. குடிப்பழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்றார்.

நம் மாநிலத்தில் வேலூரில் 1949-லும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-லும் மூளை, நரம்பு ஆபரேஷனுக்குத் தனிப் பிரிவுகள் தொடங்கின. ஹார்ஸ்லி நீளமாக அறுத்தார். இன்று சில கட்டிகளுக்குச் சிறு துளை போதும். தசையை வெட்டாமல் விலக்கி, அதன் வழியே குழாயைச் செலுத்தி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி எடுக்கிறார்கள். தேடவும் வேண்டாம்; ஸ்கேன் படம் இடத்தை முன்கூட்டியே காட்டிவிடும். எல்லாக் கட்டிக்கும் இது சரிப்படாது. டாக்டர்தான் முடிவு செய்வார். ஆனால் கால்கள் மரத்து, சிறுநீரும் பிரியாவிட்டால், தைலம் தேய்த்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முதல் உலகப் போர் மூண்டது. வயது ஐம்பதைத் தாண்டியும் ஹார்ஸ்லி போர்முனைக்குப் போனார். ஈராக் பாலைவனத்தில் நம் இந்தியச் சிப்பாய்கள் ஏராளமானோர் காயம்பட்டுக் கிடந்தனர். மருந்தும் வசதியும் போதவில்லை என்று அதிகாரிகளிடம் அவர் அஞ்சாமல் எடுத்துச் சொன்னார். கொளுத்தும் வெயிலிலும் ஓயாமல் வேலை செய்தார்.

1916 ஜூலை 16-ந் தேதி அமாரா நகரில் வெப்பம் தாக்கி இறந்தார். அப்போது அவருக்கு வயது 59. அங்கேயே அடக்கம் செய்தார்கள்.