ஆசிரியை லுக்ரீஷியா மாட் அம்மையார்

அமெரிக்காவில் நான்டக்கெட் என்றொரு சிறு தீவு. அங்கே 1793ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் பிறந்தவர் லுக்ரீஷியா. தந்தை திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவர். கடலுக்குப் போனால் திரும்பிவர நெடுங்காலம் ஆகும். அதுவரை கடையையும் குடும்பத்தையும் தாயார்தான் பார்த்துக்கொள்வார்.

இவர்கள் குவேக்கர் என்னும் கிறிஸ்துவப் பிரிவினர். இவர்களது கூட்டத்தில் சம்பளம் வாங்கும் பாதிரியார் கிடையாது. எல்லாரும் மௌனமாக அமர்ந்திருப்பார்கள். உள்ளத்தில் உந்துதல் வந்தவர் எழுந்து பேசுவார். ஆணென்றும் பெண்ணென்றும் பேதமில்லை.

13 வயதில் நியூயார்க் மாநிலத்து விடுதிப் பள்ளியில் சேர்ந்தார். ஒரு பையனைத் தண்டனையாகப் பூட்டி வைத்தபோது, இவரும் தங்கையும் வெண்ணெய் தடவிய ரொட்டியைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டார்களாம்! பிறகு அங்கேயே ஆசிரியையானார். பெண்பிள்ளைக்கும் ஆண்பிள்ளைக்கும் பள்ளிக் கட்டணம் ஒன்றுதான். ஆனால் ஆசிரியைக்குக் கொடுத்ததோ ஆசிரியர் வாங்கியதில் பாதிக்கும் குறைவு. வேலை ஒன்று, கூலி இரண்டு! அது அவர் மனத்தில் முள்ளாய்த் தைத்தது.

உடன் பணியாற்றிய ஜேம்ஸ் மாட்டை 1811இல் பிலடெல்பியாவில் மணந்தார். பிள்ளைகள் ஆறு பேர். 1817இல் இரண்டு வயது மகன் தாமஸ் காய்ச்சலில் இறந்தான். பெற்ற வயிறு எப்படித் துடித்திருக்கும்! அந்தத் துயரத்திற்குப் பிறகுதான் கூட்டத்தில் எழுந்து பேசத் தொடங்கினார். வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கப் பள்ளியிலும் பாடம் நடத்தினார்.

அடிமைகள் விளைவித்த பருத்தியும் சீனியும் தம் வீட்டுக்கு வேண்டாம் என்றார். சொல்வது சுலபம்! கணவர் பிழைத்ததே பருத்தி வாணிபத்தில். அவரும் 1830 வாக்கில் அதை விட்டுக் கம்பளி வாணிபத்துக்கு மாறினார். இப்படிப்பட்ட கணவர் எத்தனை பேருக்கு வாய்ப்பார்?

1838 மே மாதம் அடிமை ஒழிப்பினர் பிலடெல்பியாவில் பெரிய மண்டபம் கட்டித் திறந்தனர். கறுப்பரும் வெள்ளையரும் அங்கே ஒன்றாய் அமர்வதைப் பொறுக்காத கும்பல் நான்காம் நாளே தீ வைத்தது. அடுத்து மாட் வீட்டை நோக்கிக் கிளம்பியது. பிள்ளைகளை வேறிடம் அனுப்பிவிட்டு, கணவனும் மனைவியும் கூடத்தில் காத்திருந்தனர், ஓடவில்லை. நண்பர் ஒருவர் கும்பலோடு கலந்து, வேறு தெருப்பக்கம் திருப்பிவிட்டதால் உயிர் தப்பினார்கள்.

1840இல் லண்டன் அடிமை ஒழிப்பு மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போனார். பெண் என்பதால் ஆசனம் மறுத்து, தடுப்புக்கு அப்பால் உட்கார வைத்தனர். அங்கே அறிமுகமான எலிசபெத் கேடி ஸ்டான்டனோடு சேர்ந்து 1848 ஜூலையில் செனகா பால்ஸ் ஊரில் பெண்ணுரிமை மாநாடு கூட்டினார். 68 பெண்களும் 32 ஆண்களும் உரிமைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டனர்.

1864இல் ஸ்வார்த்மோர் கல்லூரி உருவாகவும் துணைநின்றார். அங்கே தொடக்கம் முதலே ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தனர்.

1880 நவம்பர் 11இல், 87 வயதில், அம்மையார் கண்மூடினார். அமெரிக்கா முழுதும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1920இல். அன்று கையெழுத்திட்ட பெண்களில் சார்லட் உட்வர்ட் ஒருவரே அப்போது உயிரோடிருந்தார்.