காந்திகிராமத்துக்கு அஸ்திவாரம் போட்ட டாக்டர்... யார் இந்த சௌந்தரம்?

திண்டுக்கல் அருகே காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் இப்போது சிவில் இன்ஜினியரிங்கும் படிக்கலாம். ஆனால், இந்த இடத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் டாக்டர்!

யார் இவர்?

டிவிஎஸ் நிறுவனர் சுந்தரம் அய்யங்காரின் மகள் சௌந்தரம், 1904-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே கல்யாணம். இளம் வயதிலேயே கணவரை இழந்தார். விதவைகள் வீட்டுக்குள் முடங்கிய காலம் அது. அவரோ டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் படித்து 1936-ல் டாக்டரானார். 1940-ல் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்தார்.

என்ன செய்தார்?

1947-ல் இருவரும் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினர். 1937-ல் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்விதான் வழிகாட்டி. அதாவது, கையால் வேலை செய்துகொண்டே பாடம் கற்பது. நூல் நூற்கும்போதே கணக்கும் வந்துவிடும். 1956-ல் இங்கே உயர்கல்வியும் வந்தது. 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பழகும் திட்டமும் உண்டு.

கட்டடம் கட்டுவோருக்கு என்ன பாடம்?

பிளான் போடும் முன், அந்த வீட்டில் இருக்கப்போறது யாரு, தண்ணி எங்கிருந்து வருது, அடுப்புப் புகை எங்க போகுதுன்னு நேரில் பார்க்கணும். நோயாளியைப் பார்க்காமல் டாக்டர் மருந்து எழுதுவாரா? அதே கதைதான்.

1984-ல் சௌந்தரம் மறைந்தார். அவர் தொடங்கிய இடத்தில் வகுப்புகள் இன்னும் நடக்கின்றன.