நாற்பதடித் தொலைநோக்கி சொல்லும் பாடம்

நான் இயற்பியல் கற்பித்த கல்லூரியில் ஒரு தொலைநோக்கி இருந்தது. மூன்று அங்குல லென்ஸ் பொருத்திய சிறிய கருவி. ஆய்வுக் குழு வரும் நாளில் அதைத் துடைத்து மேசைமீது வைப்போம். குழு புறப்பட்டதும் அது அலமாரிக்குள் திரும்பிவிடும். அந்த அலமாரியின் சாவி பதினோரு ஆண்டுகள் என்னிடம்தான் இருந்தது. வானத்தைக் காட்டுமாறு மாணவர்கள் கேட்டபோதெல்லாம், இவ்வளவு சிறிய கருவியில் பெரிதாக ஒன்றும் தெரியாது என்று கூறித் தட்டிக் கழித்தேன். அது எத்தகைய பிழை என்பதை வில்லியம் ஹெர்ஷலின் வாழ்க்கையைப் படித்த பிறகே உணர்ந்தேன்.

ஹெர்ஷல் 1738 நவம்பர் 15-இல் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தார். தந்தை படைப்பிரிவின் இசைக் குழுவில் ஓபோ என்னும் குழற்கருவியை வாசித்தவர். மகனும் அக்குழுவிலேயே சேர்ந்தார். போர்ச் சூழலில், 1757-இல், இங்கிலாந்துக்குச் சென்ற அவர் இசைப் பிரதிகளைப் படியெடுத்துக் கொடுத்துப் பிழைத்தார். 1766-இல் பாத் நகரில் ஒரு தேவாலயத்தின் ஆர்கன் இசைஞரானார். இருபத்து நான்கு சிம்பொனிகளை இயற்றினார். 1772-இல் தங்கை கரோலினைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். சிறு வயதில் தாக்கிய காய்ச்சலால் கரோலினின் வளர்ச்சி நாலேகால் அடியோடு நின்றுபோயிருந்தது. வீட்டு வேலைக்கே உரியவர் என்று குடும்பத்தார் ஒதுக்கிவைத்திருந்த அவரைப் பாடகியாக்கவே அண்ணன் விரும்பினார். ஆனால், இருவரையும் வானம் இழுத்துக்கொண்டது.

இசையியல் நூல் ஒன்றைப் படித்த ஹெர்ஷல், அதே ஆசிரியர் எழுதிய ஒளியியல் நூலையும் தேடிப் படித்தார். 1773-இல் லென்ஸ்களை வாங்கித் தொலைநோக்கி அமைக்கத் தொடங்கினார். கலிலியோ கையாண்ட வகை அது. முன்புறமுள்ள லென்ஸ் ஒளியை வளைத்துக் குவிக்கும். கண்ணருகே உள்ள லென்ஸ் அந்தப் பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டும். இவ்வகைக்கு ஒரு குறை உண்டு. லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறு அளவில் வளைப்பதால், விண்மீனைச் சுற்றி நிற விளிம்புகள் படரும். குழாயை மிக நீளமாக்கினால் அக்குறை மட்டுப்படும். ஆனால், காற்றில் ஆடும் நீண்ட குழாயைக் கையாள முடியாது. நிறக்குறை நீக்கிய கூட்டு லென்ஸ்கள் அப்போதே விற்பனைக்கு வந்திருந்தன. எனினும், பெரிய அளவில் பழுதற்ற கண்ணாடியை வார்க்கும் திறன் அன்று எவருக்கும் இல்லை.

எனவே, நியூட்டன் காட்டிய வழிக்கு அவர் மாறினார். லென்சுக்குப் பதிலாகக் குழிந்த ஆடி ஒன்று குழாயின் அடியில் இருந்து ஒளியைக் குவிக்கும். ஆடி எல்லா நிறங்களையும் ஒன்றுபோலவே திருப்பி அனுப்புவதால் நிற விளிம்பு தோன்றாது. கண்ணாடியில் வெள்ளி பூசும் முறை அன்று நடைமுறைக்கு வரவில்லை. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தைத்தான் வார்த்து மெருகேற்ற வேண்டும். மெருகேற்றும்போது கையை எடுத்தால் வளைவு கெட்டுவிடும் என்பதால், ஒருமுறை பதினாறு மணி நேரம் இடைவிடாமல் உழைத்தார். கரோலின் அருகிலிருந்து கதைகளை வாசித்துக் காட்டினார், உணவையும் ஊட்டிவிட்டார்.

1781 மார்ச் 13 இரவு, பாத் நகரில் தம் வீட்டுத் தோட்டத்தில், ஏழடி நீளமும் 6.2 அங்குல ஆடியும் கொண்ட தொலைநோக்கியில் ஹெர்ஷல் விண்மீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தார். அவற்றில் ஒன்று மட்டும் சிறு வட்டமாகத் தெரிந்தது. வால்மீன் என்றே முதலில் எண்ணினார். சனிக்கு அப்பால் சூரியனைச் சுற்றும் புதிய கோள் அது என்பதைப் பிறரது கணக்கீடுகள் உறுதிசெய்தன. யுரேனஸ் என்று இன்று அழைக்கப்படும் அக்கோளை அவருக்கு முன்பே பலர் பார்த்திருந்தனர். விண்மீன் என்று குறித்துவைத்து நகர்ந்துவிட்டனர். ஹெர்ஷலின் ஆடி தெளிவானது. பார்வையோ அதைவிடப் பழகியது.

மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 200 பவுண்டு வழங்க முன்வந்தார். இசைத் தொழிலை விட்ட ஹெர்ஷல், மங்கலான ஒளிமுகில்களைத் தேடத் தொடங்கினார். இப்பணிக்கு உருப்பெருக்கத்தைவிட ஒளியைச் சேர்க்கும் திறனே முக்கியம். ஆடியின் குறுக்களவு மும்மடங்கானால் அது வாங்கும் ஒளி ஒன்பது மடங்காகும். அதற்காகவே 1783-இல் இருபதடி நீளமும் ஏறத்தாழ 19 அங்குல ஆடியும் கொண்ட கருவியை அமைத்தார். உயர்ந்த மேடையில் நின்று வானத்தைப் பட்டை பட்டையாகத் துழாவினார். விளக்கொளியைப் பார்த்தால் இருளுக்குப் பழகிய கண் கெட்டுவிடும் என்பதால், கண்டதைக் குரல் கொடுத்துச் சொல்வார். சன்னலருகே அமர்ந்து கடிகாரத்தைப் பார்த்து நேரத்தோடு எழுதிக்கொள்வது கரோலினின் பணி. அதுவரை நூறு அளவில் மட்டுமே பட்டியலிடப்பட்டிருந்த ஒளிமுகில்களும் விண்மீன் கூட்டங்களும், இந்த உழைப்பால் இரண்டாயிரத்து ஐந்நூறு கூடின. கரோலினும் தனியே எட்டு வால்மீன்களைக் கண்டறிந்தார். 1787 முதல் ஆண்டுக்கு 50 பவுண்டு அரச ஊதியமும் பெற்றார்.

அடுத்து வந்ததுதான் நாற்பதடித் தொலைநோக்கி. மன்னர் 4,000 பவுண்டு கொடுத்தார். நான்கடி அகலமுள்ள ஆடி. ஆள் நடந்து செல்லுமளவு குழாய். ஆடியைப் பொருத்தும் முன் மன்னரே அதற்குள் நடந்து பார்த்தார். ஸ்லவ் என்னும் ஊரில் 1789-இல் பணி நிறைவேறியது. அவ்வாண்டிலேயே ஹெர்ஷல் சனிக்கோளின் இரு துணைக்கோள்களை அறிவித்தார். உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி என்ற சிறப்பு அரை நூற்றாண்டு அதற்கு நீடித்தது. அதைக் காண ஐரோப்பாவெங்கும் இருந்து மக்கள் வந்தனர்.

ஆனால், வானத்தைக் காண அது அதிகம் பயன்படவில்லை. ஆடி உடையாதிருக்கச் செம்பைக் கூட்டியதால் விரைவில் களிம்பேறியது. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அதை இறக்கி மறுபடி மெருகிடுவது பெரும்பாடு. குழாயைத் திருப்பப் பணியாள்கள் வேண்டும். ஆயத்தம் முடிவதற்குள் இங்கிலாந்தின் மேகம் சூழ்ந்துவிடும். ஹெர்ஷலும் இருபதடிக் கருவியிடமே மீண்டும் மீண்டும் திரும்பினார். 1839-ஆம் ஆண்டின் இறுதி இரவில் அவருடைய மகன் ஜானின் குடும்பத்தார் அந்தப் பெருங்குழாய்க்குள் கூடி, பாட்டுப் பாடி அதற்கு விடை கொடுத்தனர்.

நாற்பதடிக் கருவியை வீண் என்று நான் கூறமாட்டேன். பின்னாளில் எழுந்த பெருங்கருவிகள் அதன் இடர்ப்பாடுகளிலிருந்தும் கற்றுக்கொண்டன. ஆயினும், ஹெர்ஷலின் மிக ஆழமான கண்டுபிடிப்புகளுள் ஒன்றுக்கு அது தேவைப்படவே இல்லை. 1800-இல், சூரியனைப் பாதுகாப்பாகப் பார்ப்பதற்குரிய நிறக்கண்ணாடியைத் தேடியபோது, சில கண்ணாடிகள் ஒளியைத் தடுத்தும் வெப்பத்தை விடுவதைக் கவனித்தார். முப்பட்டகம் பிரித்த நிறங்களில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கி வெப்பம் ஏறியது. சிவப்பைக் கடந்து, கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் இன்னும் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் அவ்வாறே அறியப்பட்டது.

2009-இல் விண்வெளிக்குச் சென்று நான்கு ஆண்டுகள் இயங்கிய தொலைநோக்கி அவர் பெயரையே தாங்கியது. 2021-இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியும் பெரும்பாலும் அந்தக் கதிரையே காண்கிறது. காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கருவி சூடாக இருந்தால் அதன் வெப்பமே பார்வையை மறைக்கும். ஆகவேதான் குளிர்ந்த வெளியில், சூரியனுக்குத் திரையிட்டு அதை நிறுத்தியிருக்கிறார்கள். எதைக் காண விரும்புகிறோம் என்ற கேள்வியே கருவியின் வடிவத்தையும் இடத்தையும் தீர்மானிக்கிறது.

யுரேனஸ் சூரியனை ஒருமுறை சுற்றிவர 84 ஆண்டுகள் ஆகும். ஹெர்ஷல் 1822 ஆகஸ்ட் 25-இல் மறைந்தபோது 84 வயதை எட்ட மூன்று மாதங்களுக்கும் குறைவாகவே இருந்தது. அந்தக் கோளைக் கண்டறிந்த கருவியின் ஆடி, எங்கள் அலமாரியிலிருந்த லென்சைப் போல் இருமடங்கு அகலமே. அந்தச் சிறிய கருவியிலும் வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்கள் தெரியும். சனியின் வளையம் தெரியும். வான்வரைபடத்தின் துணையோடு தேடினால் யுரேனசும் தெரியும்.

பணி ஓய்வுக்கு முந்தைய ஆண்டில் ஒரு மாலை, அதை மாடிக்குத் தூக்கிச் சென்றேன். பன்னிரண்டு மாணவர்கள் வந்தனர். வியாழனைப் பார்த்த மாணவி ஒருத்தி, இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று கேட்டாள். தொலைநோக்கியைத்தான் கேட்டாள். என்னிடம் விடை இல்லை.

இன்று பல கல்வி நிலையங்கள் பெரிய தொலைநோக்கிகளை வாங்குகின்றன, மகிழ்ச்சிதான். விழா மேடையில் அதன் ஆடி எத்தனை அங்குலம் என்று அறிவிக்கிறார்கள். ஓராண்டு கழித்து, அது எத்தனை இரவுகள் வானத்தைக் கண்டது என்பதையும் அறிவிக்கட்டும். அந்தப் பதினோரு ஆண்டுகளில் என்னிடம் படித்துச் சென்ற மாணவர்களுக்கு நான் அளித்திருக்க வேண்டிய கணக்கும் அதுவே.