பளிங்கின் உள்ளமைப்பைக் கண்ட கிருஷ்ணன்

கே. எஸ். கிருஷ்ணன் யார் என்று வல்வெட்டித்துறையில் என் மாணவரிடம் வினவினால், இராமனுக்குத் துணைநின்றவர் என்றே விடை வரும். 1928-இல் இராமன் விளைவைக் கண்ட ஆய்வில் அவர் உடனுழைத்தார்; 1930-இல் நோபெல் பரிசு இராமனுக்கு மட்டும் கிடைத்தது. பலரும் கிருஷ்ணன் கதையை அங்கேயே முடித்துவிடுகின்றனர். அவர் தாமே தேர்ந்த துறையில் ஆற்றிய பெரும்பணி அதன் பின்னரே தொடங்கியது என்பதை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-ஆம் திகதி, தமிழ்நாட்டின் வத்திராயிருப்பை அடுத்த விழுப்பனூரிற் பிறந்தார். திருவில்லிபுத்தூரிலும், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கற்றார். கிறிஸ்தவக் கல்லூரியிலேயே இரசாயனச் செய்முறைகளை விளக்கிக் காட்டும் பணியில் அமர்ந்தார். 1920-இல் கல்கத்தா சென்றவர், 1923-இல் இராமனுடைய ஆய்வுக்குழுவிற் சேர்ந்தார். 1928-இன் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். சத்தியேந்திரநாத் போஸ் அப்போது அங்கே இருந்தார்.

டாக்காவிலேதான் பளிங்குகளின் காந்தத்தன்மை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. நம்மூர்க் கடலோடிகளுக்குத் திசைகாட்டியின் ஊசி பழகிய பொருள். 1938-இல் அமெரிக்கக் குளோசெஸ்டர் துறைமுகத்தை அடைந்த நம் அன்னபூரணியை அறிந்தோர்க்கு அதனை விளக்க வேண்டுவதில்லை. ஊசியைப் போன்றே, பளிங்கு ஒன்றை மெல்லிய படிக இழையிற் கட்டிக் காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே தொங்கவிட்டால், அதுவும் தனக்குரிய ஒரு திசையிலே நின்றுவிடும். இழையின் மேல்நுனியை மெல்ல முறுக்கினால் பளிங்கு பிடிவாதமாக எதிர்த்து நிற்கும். குறித்த ஒரு கோணத்தை எட்டியதும் சட்டெனத் திரும்பிவிடும். பளிங்கின் காந்தத்தன்மை திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் கிருஷ்ணன் அக்கோணத்தைக்கொண்டே கணித்தார்.

துணிப்பெட்டியில் நாம் இடும் நத்தலீனை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறு தட்டையானது. அத்தட்டின் தளத்துக்குச் செங்குத்தான திசையிற் காந்தத்தை விலக்கும் தன்மை மிகுதி. எனவே பளிங்கு திரும்பும் அளவைக்கொண்டு, உள்ளே மூலக்கூறுகள் எப்பக்கம் சாய்ந்துள்ளன என்று கூறிவிடலாம். எக்ஸ் கதிரால் பளிங்கமைப்பை ஆராய்ந்தோர்க்கு இது நல்ல துணையாயிற்று. 1936-இல் இங்கிலாந்தின் கத்லீன் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் இதுபற்றி ஒரு கட்டுரையைச் சேர்ந்தே வெளியிட்டனர்.

1933-இல் கல்கத்தாவுக்கு மீண்ட கிருஷ்ணன், உலோக உப்புகளையும் ஆராய்ந்தார். பயிர்நோய்க்குச் சுண்ணாம்போடு கலந்து தெளிக்கும் மயில்துத்தம் அவற்றுள் ஒன்று. அதில் ஒவ்வொரு செப்பு அயனையும் நான்கு நீர் மூலக்கூறுகள் சதுரமாகச் சூழ்கின்றன. மேலும் கீழும் சல்பேற்றின் ஒட்சிசன் அணுக்கள் நிற்கின்றன. அந்தச் சல்பேற்றே அடுத்த செப்போடும் கைகோத்துச் சங்கிலி அமைக்கிறது. ஐந்தாவது நீர் செப்பைத் தொடாது ஒதுங்கி நிற்கிறது. பீவர்ஸ், லிப்சன் இருவரும் 1934-இல் எக்ஸ் கதிராற் கண்ட இவ்வமைப்பை, கிருஷ்ணனும் மூக்கர்ஜியும் 1936 முதல் காந்த அளவீட்டால் ஆராய்ந்தனர். பளிங்கிலுள்ள இருவகைச் செப்பின் அச்சுகளும் ஏறக்குறையச் செங்கோணத்தில் நிற்பதை அவர்களுடைய அளவீடும் உணர்த்தியது.

1940-இல் அவர் இலண்டன் ரோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1942-இல் அலகாபாத்திற் பேராசிரியரானார். 1947 முதல் புதுடில்லித் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தை நடத்தினார். தமிழிலும் வடமொழியிலும் ஈடுபாடு மிக்க அவர், அறிவியலைத் தமிழில் எழுதவும் செய்தார். 1961 ஜூன் 14-ஆம் திகதி மறைந்தார்.

மயில்துத்தத்தின் சங்கிலியை இயற்கை கோத்தது. உலோக அயன்களையும் சேதனச் சேர்வைகளையும் மாறிமாறிக் கோத்து, உள்ளே வெற்றிடம் உடைய வலைகளை மனிதரே கட்டும் காலம் பின்னர் வந்தது. அவ்வாக்கத்துக்காகக் கிதகாவா, ரொப்சன், யாகி ஆகிய மூவர் 2025-இல் இரசாயன நோபெல் பரிசு பெற்றனர். அத்தகைய பளிங்குகளிலும் உலோகம் எத்திசையில் எத்தன்மை காட்டுகிறது என்ற கேள்வி எழுகிறது. காந்தம், இழை, கோணமானி ஆகிய எளிய கருவிகளைக்கொண்டு அக்கேள்விக்கு விடைகாணும் வழியை முன்னரே வகுத்தவர் கிருஷ்ணன். அவரை இராமனுடைய நிழலில் வைத்துப் பார்ப்பதை நாம் விட்டுவிட வேண்டும். கருவி குறைந்த கூடங்களிற் பயிலும் நம் இளைஞர், இப்பணிக்காகவே அவரை நினைவில் வைத்தல் தகும்.